பெட்ரோல் இருக்கு, ஆனா எஞ்சினுக்குப் போகல

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை. சிம்கோ ஏரியில் குக்ஸ் பே தாண்டி, கெஸ்விக் கரை ஒரு பச்சைக் கோடாக மட்டும் தெரியும் தூரத்தில் எங்கள் படகு நின்றுவிட்டது. படகில் நான், மனைவி, எட்டு வயது மகள், பக்கத்து வீட்டு அண்ணன். டேங்கில் முக்கால்வாசி பெட்ரோல். பேட்டரி புதுசு. இரண்டு வாரம் முன்னாடிதான் ஒரு பட்டறையில் அறுநூறு டாலருக்கு மேல் கொடுத்து, ஃப்யூவல் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து வாங்கி வந்திருந்தேன். அதுக்கு முன்னாடி எப்படி நின்றதோ, அச்சு அசலாக அதே மாதிரி மறுபடியும் நின்றது.

இந்தப் பத்தியில் வழக்கமாக வீட்டு ரிப்பேர், கார், வரிக் கணக்கு என்று ஏதாவது எழுதுவேன். படகைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஆனால் டொராண்டோ பக்கம் எனக்குத் தெரிந்த நாலு தமிழ் வீடுகளில் இப்போது டிரெய்லரில் ஒரு பழைய படகு நிற்கிறது. நாலு பேருக்கும் ஒரே புலம்பல்: "நல்லாத்தான் ஓடுது, பதினஞ்சு நிமிஷம் கழிச்சு நின்னுடுது." அவர்களுக்காக இந்த மாதம்.

எங்களுடையது 16 அடி அலுமினியப் படகு. பின்னால் 40 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின், தொண்ணூறுகளில் செய்தது. பாதிக் காசு நான், பாதி அண்ணன். அண்ணன் யாழ்ப்பாணம், பருத்தித்துறைப் பக்கம். நான் திருநெல்வேலி. தாமிரபரணியில் குளித்ததைத் தவிர எனக்கும் தண்ணீருக்கும் பெரிய உறவில்லை. மீன் பிடிக்கிற ஆசை அவருக்கு. படகு ஓட்டுகிற ஆசை எனக்கு.

எஞ்சின் நின்றதும் நான் செய்தது, சாவியை மறுபடி மறுபடி திருகியது. அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார்.

"தம்பி, முதல்ல நங்கூரத்தைப் போடுங்கோ. எஞ்சினைப் பிறகு பாப்பம்."

மேற்கிலிருந்து காற்று ஏறிக்கொண்டிருந்தது. சிம்கோ சுமார் 722 சதுர கிலோமீட்டர் பரப்பு. காற்று அடித்தால் அலை எழும்ப இடம் தாராளமாக இருக்கிறது. நாங்கள் நின்ற ஐந்து நிமிஷத்திலேயே படகு தானாகத் திரும்பி, அலைக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்தது. மகள் லைஃப் ஜாக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் கையால் இறுக்கிப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மனைவியும் எதுவும் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குக் கூடுதல் பயம்.

கனடாவில் இந்த அளவுப் படகுக்கு ஒரு துடுப்போ, 15 மீட்டர் கயிறு கட்டிய நங்கூரமோ, இரண்டில் ஒன்றாவது கட்டாயம். எங்களிடம் இரண்டும் இருந்தது. நங்கூரக் கயிறு 30 மீட்டர். போட்டதும் பிடித்துக்கொண்டது. படகின் மூக்கு காற்றைப் பார்த்துத் திரும்பியது, ஆட்டம் பாதியாகக் குறைந்தது. அதுக்குப் பிறகுதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

"எஞ்சின் எப்படி நிண்டது? டக்கெண்டு நிண்டதோ, இழுத்து இழுத்து நிண்டதோ?"

"இழுத்து இழுத்துத்தான் அண்ணா. மூச்சு வாங்குற மாதிரி."

இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். விளக்கை அணைத்த மாதிரி சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம்: பிளக், காயில், வயர். இல்லாவிட்டால் ஓட்டுபவர் இடுப்பில் மாட்டும் அந்தச் சிவப்புச் சுருள் கயிறு எங்கேயோ பட்டுப் பிடுங்கிக்கொண்டிருக்கும். வேகம் குறைந்து, இருமி, ஒரு தரம் எழும்பி, மறுபடி சோர்ந்து நின்றால் எரிபொருள் போதாமல் செத்திருக்கிறது. (எஞ்சின் சூடாகி இறங்கினாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அதனால் எஞ்சினுக்குப் பின்னால் சன்னமாகப் பீய்ச்சும் தண்ணீர்க் கோடு வந்துகொண்டிருந்ததா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எங்களுக்கு வந்துகொண்டிருந்தது.)

அண்ணன் குனிந்து டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கிடந்த ஹோஸைத் தொட்டார். "இதென்ன, சூம்பிப் போய்க் கிடக்கு?"

அங்கேதான் விஷயமே இருந்தது. இதுவரை நாலு தடவை இந்த எஞ்சின் என்னிடம் நின்றிருக்கிறது. நாலு தடவையும் நான் எஞ்சின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தேனே தவிர, அந்த ரப்பர் குமிழை ஒரு முறைகூடக் கவனித்துப் பார்த்ததில்லை.

தெரியாதவர்களுக்காக: படகில் தனியாக வைக்கும் பெட்ரோல் டேங்கிலிருந்து எஞ்சினுக்கு ஒரு ரப்பர் ஹோஸ் போகும். அதன் நடுவில் எலுமிச்சம்பழத்தை நீட்டின மாதிரி ஒரு குமிழ். பிரைமர் பல்ப் என்பார்கள். கிளப்புவதற்கு முன்னாடி அதைக் கையால் அமுக்கி அமுக்கி, விறைப்பாக ஆகும்வரை பெட்ரோலை எஞ்சினுக்கு ஏற்ற வேண்டும். எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகு அதனுடைய சொந்தப் பம்ப் டேங்கிலிருந்து இழுத்துக்கொள்ளும். எங்கள் மாதிரி பழைய டூ-ஸ்ட்ரோக்கில் அந்தப் பம்புக்கு மோட்டார் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் பெட்டிக்குள் அழுத்தம் கூடிக் குறைகிறது இல்லையா, அந்தத் துடிப்பு ஒரு ரப்பர் சவ்வை அசைக்கும். அவ்வளவுதான் பம்ப். எளிமையான சாமான், ஆனால் அது இழுக்கும் பலமும் கொஞ்சம்தான். வழியில் எங்கே அடைத்தாலும் தோற்றுவிடும்.

ஓடும்போது பல்ப் கொஞ்சம் தளர்ந்திருப்பது இயல்பு. ஆனால் ஜூஸ் டப்பாவைக் கடைசிவரை உறிஞ்சினால் உள்ளே ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி சப்பையாகிக் கிடந்தால் ஒரே அர்த்தம்: எஞ்சின் பக்கம் நன்றாக இழுக்கிறது, டேங்க் பக்கத்திலிருந்து வரவில்லை. அதாவது பல்புக்கு அந்தப் பக்கம் அடைப்பு. பல்புக்கு இந்தப் பக்கம் இருக்கும் பம்பும் கார்புரேட்டரும் நிரபராதிகள். நான் அறுநூறு டாலர் கொடுத்தது அந்த நிரபராதிகளுக்கு.

முதல் சந்தேகம் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு மேல். பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். திருகை மூடி வைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கொஞ்ச நேரத்தில் எஞ்சினால் இழுக்க முடியாமல் போகும். படகு நின்றதற்கான காரணங்களில் இதுதான் ஆகச் சாதாரணமானது, ஆக மலிவானது, சொல்லிக்கொள்ள ஆக வெட்கமானதும் இதுதான். சோதிப்பது சுலபம். டேங்க் மூடியைத் திறங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே போனால் அதுதான் காரணம். புதுசாக வரும் டேங்குகளில் திருகுக்குப் பதில் தானாக வேலை செய்யும் வால்வு இருக்கும். அது அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான்.

நாங்கள் திறந்தோம். சத்தமே இல்லை. திருகு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

பல்ப் மட்டும் மெல்ல மெல்ல, ஒரு நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, தானாக உப்பி வந்தது. வழி முழுசாக அடைக்கவில்லை, குறுகியிருக்கிறது என்று அதில் தெரிந்தது. அண்ணன் சொன்னார், "ஆறுதலாப் போவம் தம்பி. அதுக்கு இப்ப கனக்கக் குடுக்க ஏலாது. கொஞ்சமாக் கேட்டால் தரும்."

அவர் கணக்கு சரிதான். 40 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். நடை வேகத்தில் அதில் சின்னப் பங்கு போதும். குறுகின வழியில் அந்தச் சின்னப் பங்கு வந்துவிடும். கரைக்கு வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது, வழியெல்லாம் பின்னாலிருந்து அலை அடித்துக்கொண்டே. நடுவில் இரண்டு தரம் எனக்குக் கை துறுதுறுத்தது, கொஞ்சம் வேகம் கூட்டலாமே என்று. கூட்டாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. டூ-ஸ்ட்ரோக்கில் மசகு எண்ணெய் பெட்ரோலில் கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். அப்படிப் பட்டினி போட்டு முழு வேகத்தில் விரட்டினால் பிஸ்டன் சூடாகி உருகிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அது அறுநூறு டாலர் கதை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் லைஃப் ஜாக்கெட்டை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னாள்: "இனி நான் வரல." மனைவி இரவு சாப்பிடும்போது, விற்றுவிடலாமே என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

மறுநாள் டிரைவ்வேயில் படகை நிறுத்தி, எஞ்சினின் தண்ணீர் எடுக்கும் வாயில் காது மூடி மாதிரி இருக்கும் ரப்பர்க் கப்பை மாட்டி, தோட்டக் குழாயைத் திறந்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினேன். நாற்பது நிமிஷம் ஓடியது. நிற்கவே இல்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனதுதான் மிச்சம். ஏன் நிற்கவில்லை என்று புரிய எனக்கு ஒரு காபி தேவைப்பட்டது. டிரைவ்வேயில் சுமையே இல்லை. சும்மா ஓடும் எஞ்சின் ஸ்பூனால் குடிக்கிறது. தண்ணீரில் நாலு பேரைத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் சொம்போடு கேட்கிறது. குறுகின வழி ஸ்பூனுக்குத் தாங்கும், சொம்புக்குத் தாங்காது.

பட்டறைக்காரர்களுக்கு ஏன் பிடிபடவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவர்கள் ஏமாற்றவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தபோது டேங்கையும் ஹோஸையும் நான் கராஜிலேயே கழற்றி வைத்துவிட்டேன், காரில் நாறும் என்று. அவர்கள் தங்களுடைய டேங்கையும் ஹோஸையும் மாட்டிச் சோதித்தார்கள், ஓடியது. சுத்தம் செய்தபிறகு மறுபடி சோதித்தார்கள். இன்னும் நன்றாக ஓடியது. எங்கள் தொழிலில் "என் மெஷின்ல ஓடுதே" என்று சொல்லிக் கையைக் கழுவுவார்களே, அதுக்கு நானே வழி செய்து கொடுத்திருக்கிறேன். நீங்கள் எஞ்சினை ரிப்பேருக்குக் கொடுத்தால், நாறினாலும் பரவாயில்லை, டேங்கையும் ஹோஸையும் சேர்த்துக் கொடுங்கள்.

அன்று சாயங்காலம் ஹோஸைக் கழற்றி, பெட்ரோலை வடித்து உலரவிட்டு, சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பார்த்தேன். தாராளமாகப் போயிற்று. டேங்கிலிருந்து இழுக்கும் குழாயின் அடியில் இருக்கும் சல்லடையைப் பார்த்தேன். சுத்தம். ஆக ஹோஸ் சரி, டேங்க் சரி, ஆனால் பல்ப் சூம்புகிறது. பழைய பழக்கம் தலைதூக்கியது: எல்லாத்தையும் ஒரேயடியாகப் புதுசாக வாங்கி மாட்டிவிட்டால் என்ன?

அண்ணன் விடவில்லை. "எல்லாத்தையும் மாத்தினா, எது பிழையெண்டு உங்களுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. வேற போத்தலில இருந்து குடுத்துப் பாருங்கோ."

அந்தப் போத்தல் கதை எனக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு வருஷமாகப் பக்கத்து வீடு.

1990-களின் முதல் பாதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராமல் தடை இருந்தது. கள்ளமாக வந்த கொஞ்சமும் நினைத்துப் பார்க்க முடியாத விலை. ஊரே மோட்டார் சைக்கிளையும் பழைய கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டியது. சிக்கல் என்னவென்றால், குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. எஞ்சின் சூடேறிவிட்டால் புகையைக் கக்கிக்கொண்டு ஓடும். அதனால் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெட்ரோல் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். கிளப்பும்போது அதிலிருந்து சில துளி மட்டும் கார்புரேட்டருக்குப் பீய்ச்சி, பற்றினதும் மண்ணெண்ணெய்க்கு விட்டுவிடுவது. அண்ணனுக்கு அப்போது இருபது வயசு; மாமாவின் மோட்டார் சைக்கிள் கராஜில் எடுபிடி.

"ஒருத்தன் வண்டியை உருட்டிக்கொண்டு வருவான், ஸ்ராட் ஆகேல்லை எண்டு. மாமா எதையும் கழட்ட மாட்டார். போத்தலில இருந்து ரெண்டு சொட்டு விடுவார். பத்தி ஓடிச்சுதெண்டா எஞ்சினில பிழையில்லை, எண்ணை வாற வழியிலதான் பிழை. பத்தேல்லையெண்டா பிளக்கைக் கழட்டு. அவ்வளவுதான். பெற்றோல் இல்லாத ஊரில பெற்றோலாலதான் சோதிச்சம்."

படித்து வாங்கின மாஸ்டர் டிகிரியில் எனக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிழை எங்கே என்று தெரியாவிட்டால் பாதையை நடுவில் வெட்டு, எந்தப் பாதியில் இருக்கிறது பார், அதை மறுபடி வெட்டு. அலுவலகத்தில் தினமும் செய்கிறேன். படகில் தோன்றவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை கெஸ்விக்கில் நண்பர் ஒருவரிடம் டேங்கும் ஹோஸும் இரவல் வாங்கினோம். ஹோஸின் எஞ்சின் பக்கத்து மாட்டி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நல்லவேளை, அவருடையதும் எங்கள் எஞ்சினின் ஜாதி. காற்று இல்லாத காலை. நானும் அண்ணனும் மட்டும், கரையிலிருந்து நீந்தி வரக்கூடிய தூரத்துக்குள்ளேயே சுற்றினோம்.

முதல் ஓட்டம்: இரவல் டேங்க், இரவல் ஹோஸ். அரை மணி நேரம், பெரும்பகுதி முழு வேகம். சிணுங்கக்கூட இல்லை. எஞ்சின் வழக்கிலிருந்து விடுதலை.

இரண்டாவது: எங்கள் டேங்க், இரவல் ஹோஸ். அதுவும் அரை மணி. நிற்கவில்லை. டேங்கும் விடுதலை.

மூன்றாவது: இரவல் டேங்க், எங்கள் ஹோஸ். பன்னிரண்டாவது நிமிஷம் இழுக்க ஆரம்பித்தது. அண்ணன் பல்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். சூம்பிவிட்டது.

ஆனால் சைக்கிள் பம்புக் காற்று போயிற்றே? வீட்டுக்கு வந்து, டேங்குக்கும் பல்புக்கும் நடுவில் இருந்த துண்டைப் பிளேடால் நீளவாக்கில் அறுத்தேன். வெளியே ரப்பர் பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே வழவழப்பாக ஒட்டியிருக்க வேண்டிய உள்தோல், வெந்த தக்காளித் தோல் மாதிரிக் கழன்று, சுருண்டு, பாதி வழியை மறைத்துக்கொண்டு கிடந்தது. காற்றை அடித்துத் தள்ளும்போது அந்தத் தோல் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடும். எஞ்சின் இழுக்கும்போது அதுவே உள்ளே சரிந்து மூடிக்கொள்ளும். இழுப்பு நின்று ஒரு நிமிஷம் ஆனால் தளர்ந்து திறந்துகொள்ளும். அதனால்தான் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி ஓடியது. நான் தள்ளிச் சோதித்தேன். அது வேலை செய்வதோ இழுப்பில்.

உள்தோல் கழன்றதற்கு எத்தனால் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். இங்கே சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீத அளவில் எத்தனால் கலந்து வருகிறது. அதைத் தாங்குவதற்கென்று செய்யாத பழைய ஹோஸ்களில் உள்தோலை அது மெல்ல மெல்ல உரித்துவிடும். எங்கள் ஹோஸ் எந்த வருஷத்தது என்று முந்தின சொந்தக்காரருக்கே தெரியாது. ஹோஸின் மேல் தரக் குறியீடும் வருஷமும் அச்சடித்திருப்பார்கள். எங்களுடையதில் அது அழிந்து போயிருந்தது. அந்த அழிவையே ஒரு எச்சரிக்கையாக எடுத்திருக்க வேண்டும். பல்போடு சேர்த்துப் புது ஹோஸ் அறுபது டாலருக்குள் முடிந்தது.

உங்கள் படகில் பல்ப் வேறு மாதிரி நடந்துகொண்டால்? சிலது சொல்கிறேன்.

எவ்வளவு அமுக்கினாலும் விறைக்கவே இல்லையென்றால், எங்கேயோ காற்று இழுக்கிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் சின்ன வால்வு போய்விட்டது. முதலில் பல்பின் மேல் இருக்கும் அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், திருப்பி மாட்டினவர்களை எனக்குத் தெரியும். பல்பை நிமிர்த்தி, எஞ்சின் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து அமுக்கினால் வால்வு நன்றாக உட்காரும். அப்படியும் இல்லையென்றால் மாட்டிகளில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து காற்று விடலாம். காற்று விடும் இடத்தில் பெட்ரோல் கசிய வேண்டும் என்று அவசியமில்லை. எஞ்சின் இழுக்கும்போது காற்று உள்ளேதான் போகும், வெளியே ஒன்றும் தெரியாது. எஞ்சினுக்குச் சற்று முன்னால் பெட்ரோல் தாங்கும் கண்ணாடி மாதிரிக் குழாய் ஒரு துண்டு தற்காலிகமாக மாட்டிப் பார்த்தால், குமிழ் குமிழாக ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

எஞ்சின் சாகும் சமயத்தில் யாராவது பல்பை அமுக்கினால் உயிர் வருகிறதா? அப்படியானால் எரிபொருள்தான் பிரச்சினை என்பது உறுதி. பெரும்பாலும் பம்பின் சவ்வு கிழிந்திருக்கும், இல்லையென்றால் காற்று கலக்கிறது. எங்கள் அறுநூறு டாலர் இந்த அறிகுறிக்குத்தான் பொருத்தம்.

பல்ப் விறைப்பாகவே இருக்க, எஞ்சின் மட்டும் பட்டினியில் செத்தால் அடைப்பு பல்புக்கு இந்தப் பக்கம்: எஞ்சின் மூடிக்குள் இருக்கும் சின்ன ஃபில்டர், அல்லது கார்புரேட்டரின் ஜெட். குளிர்காலம் முழுக்கப் பழைய பெட்ரோலை உள்ளே விட்டு வைத்தால் அது காய்ந்து பிசினாகி அந்த ஊசித் துளைகளை அடைத்துவிடும். அக்டோபரில் படகை மூடி வைக்கும்போது அதுக்கென்று விற்கும் மருந்தைப் பெட்ரோலில் கலந்து, அது கார்புரேட்டர்வரை போகும்படி பத்து நிமிஷம் எஞ்சினை ஓட விட்டுவிட்டு மூடுங்கள். டேங்கில் ஊற்றிவிட்டு ஓட்டாமல் விடுவதில் பயன் இல்லை.

தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஊறுகாய் பாட்டில் போதும். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரை மணி அசையாமல் வையுங்கள். கீழே தனியாக ஒரு படலம் நின்றால் தண்ணீர். எத்தனால் தண்ணீரை ஓரளவு தன்னோடு கரைத்து வைத்திருக்கும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும், டேங்கின் இழுப்புக் குழாய் இருப்பதும் அங்கேதான். அந்தப் பெட்ரோலை மருந்து ஊற்றித் திருத்த முடியாது. நகராட்சியின் அபாயகரமான கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு டேங்கைச் சுத்தம் செய்யுங்கள்.

படகின் உடம்போடு சேர்ந்த பெரிய டேங்க் இருந்தால், அதன் வாயில் ஒரு வால்வு இருக்கலாம். ஹோஸ் அறுந்தாலும் பெட்ரோல் தானாக வழிந்து படகுக்குள் கொட்டாமல் தடுக்க வைத்தது. அதில் அழுக்குச் சேர்ந்தாலும் எங்களுக்கு நடந்ததேதான் நடக்கும். சிலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு "சரியாயிடுச்சு" என்பார்கள். செய்யாதீர்கள், புதுசு போடுங்கள். ஊசி வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும் புது ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் உள்ளே மின்சாரப் பம்பும் அதிக அழுத்தமும் இருப்பதால், ஹோஸும் ஃபில்டரும் வரை நீங்கள் பாருங்கள். மூடிக்குள்ளே தெரிந்தவர் பார்க்கட்டும்.

இன்னொன்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடியில் போய்த் தங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். டேங்கை எப்போதும் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்புங்கள். ஹோஸைக் கழற்றினால் வடிவதைப் பிடிக்க ஒரு பாத்திரம் வையுங்கள். வாயால் உறிஞ்சிப் பார்க்காதீர்கள். ஊரில் செய்ததுண்டு என்பது காரணம் ஆகாது.

இப்போது எங்கள் படகில் நாலு லிட்டர் பிடிக்கும் சின்ன டேங்க் ஒன்று, தனி ஹோஸ், தனி பல்போடு, எப்போதும் கட்டிக் கிடக்கிறது. அண்ணன் அதைப் "போத்தல்" என்றுதான் சொல்கிறார். ஏரி நடுவில் எது நின்றாலும் அதை மாட்டிப் பார்ப்பது முதல் வேலை. ஓடினால் அதிலேயே மெல்லக் கரைக்கு வந்துவிடலாம்.

விற்கிற பேச்சு அதன் பிறகு வரவில்லை. மகள் மட்டும் ஆகஸ்ட் முழுக்க அசையவில்லை. அறுத்த ஹோஸைக் காட்டினேன், கழன்ற தோலை விரலால் தள்ளிப் பார்த்து, "இவ்ளோதானா?" என்றாள். செப்டம்பர் முதல் வாரம் அண்ணன் பெர்ச் மீன் பிடிக்கக் கிளம்பும்போது, அவளே ஆணியிலிருந்து லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ஒரு நிபந்தனை: எஞ்சின் நின்றால் நங்கூரத்தை அவள்தான் போடுவாள், அப்பா சாவியைத் தொடக் கூடாது.

"சரியாச் சொன்னீங்கள் பிள்ளை," என்றார் அண்ணன்.